வெள்ளை சாக்ஸில் கரி

பூனையை இன்று மாலைக்குள் அனுப்பிவிடுவது என்று மருமகள் முடிவெடுத்த இடத்தில் போன வாரம் நிறுத்தியிருந்தேன். பூனை மேல் கை வைத்தால் பத்திரிகை வாங்குவதையே விட்டுவிடுவோம் என்று சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கும் அந்தப் பூனை மேல் பிரியம்தான். ஆனால் குழந்தையின் காலைப் பார்த்தால் நீங்கள் மருமகளைத் திட்ட மாட்டீர்கள்.

முழங்காலுக்குக் கீழே முழுக்கச் சிவப்புத் தடிப்புகள். சொறிந்து சொறிந்து சில இடங்களில் தோல் உரிந்திருந்தது. காலையில் குழந்தைகள் காப்பகத்து ஆயா வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இது என்னன்னு தெரியாம மத்தப் பிள்ளைங்களோட விட முடியாது."

மருமகள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவள். கடைக்குப் போன் செய்து லீவு சொல்லிவிட்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்தாள். வழியெல்லாம் யாரோ தன்னையே பார்ப்பது போலிருந்தது. அவமானத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. பெற்றவளுக்குத்தான் அந்த வலி தெரியும்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒரு வார்த்தை. மூன்றாவது மாடி வீடு. மாமனார் பேக்கரிக்காரர். விடியும் முன்பே கடைக்குப் போய் மதியத்துக்குள் திரும்பிவிடுவார். மாமியாருக்கு ஒரு ஹோட்டலின் லாண்டரியில் வேலை. மகன் லாரியோடு ஊர் ஊராகப் போகிறவன், இந்த அத்தியாயத்திலும் அவன் ஊரில் இல்லை. அப்புறம் மருமகள், குழந்தை, வாசலைத் தாண்டாத ஒரு பூனை. ஒரு வேலையும் செய்யாமல் எல்லோர் வேலையையும் மேற்பார்வை பார்ப்பதால் அதற்கு மேனேஜர் என்று பெயர்.

இவர்கள் போக, பூட்டிய அறை ஒன்று.

அது பேக்கரிக்காரரின் மகள், சின்னவளின் அறை. மேஜை எட்டும் வயதிலிருந்தே அப்பாவோடு நின்று மாவு பிசைந்த பெண். கடையை அவள்தான் பார்த்துக்கொள்வாள் என்று அவர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அவளோ போன வருஷம் பெரிய ரொட்டித் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தாள். அப்பாவின் வாடிக்கைக் கடைகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டிருந்த அதே தொழிற்சாலை.

"போறவ போகட்டும். இந்தக் கதவு இனிமே திறக்காது" என்று பூட்டியவர், சாவியைக் கடைச் சாவிக் கொத்தில் கோத்துக்கொண்டார். அதன்பின் அவர் காதுபட அவள் பேச்சை யாரும் எடுப்பதில்லை. அவள் தங்கிய விடுதியில் பூனைக்கு இடமில்லை. மேனேஜர் மட்டும் இங்கேயே தங்கிவிட்டான். அவள் வளர்த்த பூனை அது.

அவனைத்தான் இன்று அனுப்பப் போகிறார்கள். கூடை வாசலருகே தயாராக இருந்தது. பிராணிகள் காப்பகத்துப் பெண் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தாள்.

மனசு கேட்காமல் மருமகள் கடைசி முறையாகக் கால்நடை மருத்துவருக்குப் போன் செய்தாள்.

"டாக்டர், பிடரியில விடுற சொட்டு மருந்து தேதி தவறாம விடுறோம். பேன் சீப்பால தினமும் சீவி, வர்ற தெள்ளுப்பூச்சியைச் சோப்புத் தண்ணியில போடுறேன். கொஞ்ச நாள் குறையுது. திரும்ப வந்துடுது."

"மருந்து வேலை செய்யுதும்மா. பூனை மேல இருக்கிறது சாகுது. ஆனா முட்டை பூனை மேல தங்காது, உதிர்ந்துடும். பூனை எங்க தூங்குதோ அங்க விழுந்து, புழுவாகி, கூடு கட்டிக்கிட்டு உள்ளேயே காத்திருக்கும். வீடு பூரா சுத்தம் பண்ணீங்களா?"

"எல்லா ரூமும் பண்ணியாச்சு டாக்டர்."

"அப்ப எங்கயோ ஒரு இடம் விட்டுப் போயிருக்கு."

"பக்கத்து வீட்டுல நாய்க்குப் போடுற மருந்து இருக்காம். வேணும்னா தர்றேன்னு சொல்றாங்க."

"ஐயய்யோ, அதைத் தொடாதீங்க. நாய்க்குப் போடுறது சிலது பூனைக்கு விஷம். உயிரே போயிடும்." மருத்துவர் கொஞ்சம் யோசித்தார். "வீட்ல வெள்ளை சாக்ஸ் இருக்கா? நல்லா மேல இழுத்து விட்டுக்கிட்டு ஒவ்வொரு ரூமா மெதுவா நடங்க. பூச்சி காலுக்குத்தான் தாவும். வெள்ளையில பளிச்சுன்னு தெரியும்."

எல்லா அறையும் என்று அவள் சொன்னது பொய்யில்லை. அந்த வீட்டில் எல்லா அறையும் என்றால் பூட்டிய அறை அந்தக் கணக்கில் வராது. ஆள் போகாத அறையில் பூச்சிக்கு என்ன வேலை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். துடைப்பமும் மருந்தும் ஒவ்வொரு முறையும் அந்தக் கதவு வரைக்கும் போய்த் திரும்பின.

வெள்ளை சாக்ஸுக்கு அங்கே பஞ்சமே இல்லை. பேக்கரிக்காரருக்குத் தலைத்தொப்பியிலிருந்து கால் வரை எல்லாமே வெள்ளை. கொடியில் காய்ந்த ஒரு ஜோடியை எடுத்து மாட்டிக்கொண்டாள். குதிகால் பின்னால் தொங்கியது. மேனேஜர் கூடைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு காலால் காதைச் சொறிந்துகொண்டே வேடிக்கை பார்த்தான்.

ஹாலில் ஒன்றுமில்லை. சமையலறையில் ஒன்றுமில்லை. படுக்கையறை, கட்டிலடி, குழந்தையின் பாய், எல்லாம் சுத்தம். இரண்டாவது முறையும் நடந்து பார்த்தாள்.

பூட்டிய அறைக்கு முன்னால், நடையில் கால் வைத்தபோது கணுக்காலில் ஏதோ பொட்டு வைத்தாற்போல ஒட்டியது. குனிந்தாள். அது நகர்ந்தது. பக்கத்தில் இன்னொன்று. கதவுக்கும் தரைக்கும் நடுவிலிருந்த இடுக்கில் பூனை முடி கற்றையாகச் சிக்கியிருந்தது. பூட்டிய கதவுக்கு அந்தப் பக்கமாக.

சாக்ஸைக் கழற்றிப் போடக் குளியலறைக்குப் போனாள்.

அங்கே மாமியார் வாளியில் நேற்றைய வெள்ளைத் துணிகளை ஊற வைத்திருந்தாள். தண்ணீர் லேசாகத் துருநிறத்தில் இருந்தது. மாமனாரின் சாக்ஸ் ஒன்று மட்டும் நனையாமல் வாளியின் விளிம்பில் தொங்கியது. அதில் மிளகுத்தூளைத் தூவியது போலக் கறுப்புப் பொடி.

"அத்தை, இது என்ன?"

மாமியார் எட்டிப் பார்த்தாள். அன்று அவளுக்கு மதியத்துக்கு மேல்தான் வேலை. குழந்தையின் சட்டைகளை மடித்துக்கொண்டிருந்தாள்.

"ரொட்டித் தட்டு சுரண்டுற கரிம்மா. உங்க மாமா சாக்ஸ்ல எப்பவும் இருக்கிறதுதானே."

ஆமாம், எப்போதும் இருப்பதுதான். பேக்கரிக்காரர் வீட்டில் கறுப்புப் பொடியைப் பார்த்து யார் யோசிக்கப் போகிறார்கள்? மருமகளும் பல தடவை அதை உதறிப் போட்டிருக்கிறாள். ஆனால் இன்று அவள் மருத்துவரோடு பேசிவிட்டு வந்தவள், வாளித் தண்ணீரின் துருநிறமும் அவளை உறுத்தியது. அடுத்தவர் கண்ணுக்குத் தெரியாத கடைசி வரியை நாள் முழுக்கக் காட்டிக்கொண்டிருப்பவள் வேறு. குழந்தைக்கு மருந்து போடும் பஞ்சைக் கிள்ளி, தண்ணீரில் நனைத்து, அந்தப் பொடியின் மேல் அழுத்தினாள்.

பஞ்சில் கறுப்பு மெல்லக் கரைந்தது. ஓரம் சிவந்தது.

"கரி சிவக்குமா அத்தை?"

மாமியார் கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தாள். அடுக்கின் மேல் வைத்தாள். நீவி விட்டாள்.

"சிவக்காது" என்றாள்.

"அப்ப உங்களுக்குத் தெரியும்."

"லாண்டரியில காலம் பூரா கறை பாக்கிறவ நான். டீ எது, மை எது, ரத்தம் எதுன்னு துணியைத் தொட்டாலே தெரியும். பூச்சி பூனை ரத்தத்தைக் குடிச்சிட்டுப் போடுற எச்சம் அது." குரல் தாழ்ந்தது. "மத்தியானத்துல யாரும் இல்லாதப்ப அந்த ரூமைத் திறந்து உள்ள போறார்மா. பூனையையும் கூட்டிக்கிட்டு."

மருமகளுக்கு முதலில் நம்பவே முடியவில்லை. சின்னவள் பெயரைக் கேட்டாலே சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்திருக்கிற மனிதரா?

"ஒரு நாள் தலைவலின்னு சீக்கிரம் வந்துட்டேன். அந்தக் கதவு ஒருக்களிச்சு இருந்துச்சு. உள்ள பேச்சுக் குரல். பூனைகிட்டப் பேசிக்கிட்டு இருந்தார். இடையில மூக்கை உறிஞ்சுற சத்தம் வேற. நான் வந்த வழியே சத்தம் இல்லாமப் படியிறங்கிட்டேன். கீழ கொஞ்ச நேரம் நின்னுட்டு, மறுபடி ஏறி வந்து பெல் அடிச்சேன்."

"தெரிஞ்சும் சும்மாவா இருந்தீங்க? எம் பிள்ளை காலைப் பாத்தீங்க இல்ல? அந்தக் காப்பகத்து வாசல்ல நான் என்ன மாதிரி நின்னேன் தெரியுமா?"

"பூச்சி அங்கிருந்துதான் வருதோன்னு தோணுச்சும்மா. தோணினதை நானே தள்ளி வச்சேன். திறங்கன்னு சொன்னா அவருக்குப் போக இடம் இல்லாமப் போயிடும். அந்த மனுஷனுக்கு அழறதுக்கு வேற இடம் இல்லம்மா."

சொல்லிவிட்டு மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருமகளுக்குக் கோபம் தலைக்கேறியிருந்தது. ஆனால் அந்தக் கோபத்தை யார் மேல் இறக்கி வைப்பது என்று தெரியவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்குப் போய் உட்கார்ந்தாள்.

பேக்கரிக்காரர் வழக்கமான நேரத்துக்கு வந்தார். புருவத்தில் மாவு. மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்கியது. வாசலில் கூடையைக் கண்டு நின்றார். மதியத்தில் மருமகள் வீட்டிலிருப்பதும் அவருக்குப் புதிது.

"என்ன, மேனேஜருக்கு டிரான்ஸ்ஃபரா?"

யாரும் சிரிக்கவில்லை. ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

"மாமா, அந்த ரூம் சாவி வேணும்."

"எந்த ரூம்?"

சாவி போட்டுப் பூட்டிய அறை அந்த வீட்டில் ஒன்றுதான்.

"அங்க யாரும் போறதில்லையே. அங்க என்ன இருக்கு?" என்றவர், வழக்கம்போல இடது காலால் வலது கணுக்காலைத் தேய்த்துக்கொண்டார். கேட்டால் அடுப்புச் சூடு என்பார். இத்தனை நாளும் எல்லோரும் அதை நம்பினார்கள்.

மருமகள் எழுந்து வந்து குழந்தையை அவர் மடியில் உட்கார வைத்தாள்.

குழந்தை குனிந்து தன் காலைச் சொறிந்தது. பிறகு தாத்தாவின் சாக்ஸ் நழுவிய இடத்தில் அதே மாதிரித் தடிப்புகளைக் கண்டு, விரல் வைத்துத் தொட்டுப் பார்த்தது. அவர் காலை நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டார்.

அப்புறம் அவருக்கே உரிய வீம்பு வந்துவிட்டது. குழந்தையை இறக்கி விட்டுவிட்டு எழுந்தார். பூனையைப் பிடித்துக் கூடைக்குள் வைத்து மூடியைச் சாத்தினார்.

"பூனையாலதானே பூச்சி? அனுப்பிடுங்க. முடிஞ்சுது."

"பூனை போனா பூச்சி போகாதுங்க" என்றாள் மாமியார். "பூனை இல்லாட்டி மனுஷனைத்தான் கடிக்கும். பிள்ளையைத்தான் கடிக்கும். பூனையோட போறது வேற ஒண்ணு."

"என்னது?"

"அவகிட்டேருந்து வர்ற மெசேஜ்."

பல மாதங்களுக்குப் பிறகு அந்த வீட்டில் 'அவள்' அவர் எதிரிலேயே வந்து நின்றாள். அவர் தட்டைத் தள்ளவில்லை. தள்ளுவதற்கு எதிரே தட்டும் இல்லை.

மருமகள் போனை எடுத்து நீட்டினாள். "எனக்குத்தான் அனுப்புவா. பூனையைப் பத்தி மட்டும்தான் கேப்பா. நீங்களே பாருங்க மாமா."

அவர் வாங்கிக் கையை நீட்டிப் பிடித்துப் படித்தார். கண்ணாடி போட்டுக்கொள்ளச் சொல்லி மருமகள் மன்றாடியும் கேட்காதவர். எழுத்துகளைக் கூட்டிக் கூட்டி உதடு அசைந்தது.

மேனேஜர் எப்படி இருக்கான் அண்ணி?

மேனேஜர் ராத்திரி நல்லாத் தூங்குறானா?

மேனேஜரை அடுப்புகிட்ட ரொம்ப நேரம் நிக்க விடாதீங்க.

மேனேஜருக்கு மாடி ஏறினா மூச்சு இரைக்குமே, இப்பப் பரவாயில்லையா?

அவர் மூடிய கூடையைப் பார்த்தார். திரும்பவும் போனைப் பார்த்தார்.

"இந்தப் பூனை வாசலையே தாண்டினதில்லையே. இதுக்கு எப்ப மூச்சு இரைச்சுது?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே புரிந்துவிட்டது. இடுப்பிலிருந்து சாவிக் கொத்தை எடுத்தார். ஒவ்வொரு சாவியாகத் தப்பித் தப்பிக் கடைசியில்தான் அது வந்தது.

அறைக்குள் சின்னவளின் ஏப்ரன் ஆணியில் தொங்கியது. கட்டிலில் அவள் போர்த்திய போர்வை. அதன் நடுவில் பூனை படுத்துப் படுத்துப் பள்ளம் விழுந்திருந்தது. கட்டிலருகே ஒரு பழைய கம்பளமும் ஒரு முக்காலியும். முக்காலிக்கு எதிரே, ஜன்னல் மேடையில், ரொட்டி உறைகள் ஒழுங்காக மடித்து அடுக்கப்பட்டிருந்தன. அந்தத் தொழிற்சாலையின் பெயர் போட்ட உறைகள். அந்த ரொட்டி இந்த வீட்டுக்குள் வரக் கூடாது என்று சட்டம் போட்டவரே அவர்தான்.

"அவ கை பட்டதா இருக்குமோன்னு வாங்குவேன்" என்றார், யாரும் கேட்காமலே. "மிஷின்தான் எல்லாம் செய்யுமாம். இருந்தாலும் பதம் பாக்க ஒரு ஆள் வேணும் இல்ல? மாவு நல்லாத்தான் பொங்கியிருக்கு. உப்பு ஒரு சிட்டிகை கம்மி. நேர்ல பாத்தா சொல்லணும்."

மாமியார் வாயில் முந்தானையை அழுத்திக்கொண்டாள். மருமகள் தன் காலைப் பார்த்தாள். வெறும் காலெல்லாம் பூச்சிகள் தாவி ஏறிக்கொண்டிருந்தன.

அதன்பின் அங்கே அழுவதற்கு நேரமில்லை. மருமகள் பிராணிகள் காப்பகத்துப் பெண்ணுக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றாள். பூனையைக் குழந்தையோடு சமையலறையில் விட்டுக் கதவைச் சாத்தினாள். மாமியாரும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டுத் துணிக்குத் தலைமை ஏற்றாள். கை வைக்க முடியாத சூட்டில்தான் எல்லாம் துவைக்க வேண்டும் என்று உத்தரவு. கம்பளத்தைச் சுருட்டிப் பெரிய குப்பைப் பையில் கட்டினார்கள். உறைகளும் இன்னொரு பையில் போயின. மெத்தையின் தையல், கட்டிலின் மூலை, தரையின் இடுக்கு என்று வாக்குவம் கிளீனர் ஓடியது. அதன் தூசிப் பையை உடனே கட்டிக் கீழே கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தார் பேக்கரிக்காரர், மூச்சு இரைக்க.

திரும்பி வந்தபோது மாமியார் ஏப்ரனை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதை மட்டும் விட்டுடேன்."

"பூனை இதுலயும் ஏறித் தொங்கியிருக்குங்க. முடி பாருங்க."

"துவைச்சா அவ வாசனை போயிடும்."

இதை ஒரு சின்னப் பிள்ளை சொன்னால் சமாதானம் சொல்லலாம். மாமியார் ஏப்ரனை அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதை முகத்தோடு சேர்த்து ஒரு தடவை மூச்சை இழுத்தார். பிறகு தானே நடந்து போய், ஆவி பறந்த தண்ணீரில் அமுக்கினார்.

மருத்துவர் சொன்ன மருந்தை அறையில் அடித்துக் காய விட்டார்கள். "இதோட முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க" என்றார் அவர் போனில். "கூட்டுக்குள்ள இருக்கிறது மருந்துக்குச் சாகாது. மறுபடியும் பூட்டி வச்சா மாசக் கணக்கா உள்ளேயே கிடக்கும். கதவைத் திறந்தே வைங்க. தினமும் யாராவது உள்ள நடங்க. காலடி அதிர்ச்சிக்குத்தான் வெளிய வரும். வந்தா மருந்து பட்டுச் சாகும்."

"நான் நடக்கிறேன்" என்றார் பேக்கரிக்காரர்.

ஜன்னல் திறந்திருந்தது. வெறும் மெத்தை மேல் சாயங்கால வெயில் விழுந்தது. மருமகளுக்கு அந்தக் காட்சி பிடித்திருந்தது. ஒரு வருஷமாக மூடிக் கிடந்த அறையில் வெளிச்சத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அவசரமாக ஒரு படம் எடுத்தாள். சின்னவளுக்கு அனுப்பினாள். விஷயத்தைக் கீழே எழுத ஆரம்பிப்பதற்குள் சமையலறையில் குழந்தை வீறிட்டது. மேனேஜர் ஏதோ பாத்திரத்தை உருட்டியிருந்தான். போனை வைத்துவிட்டு ஓடினாள்.

குழந்தையைச் சமாதானப்படுத்தி, காலில் களிம்பு தடவிவிட்டுத் திரும்பியபோது பதில் வந்திருந்தது.

"எல்லாத்தையும் மூட்டை கட்டிட்டாரா? ஆணியில ஏப்ரன்கூட இல்ல. புரிஞ்சுது அண்ணி. இனிமே பூனையைக் கேட்டும் எழுத மாட்டேன்."

மருமகள் அந்தப் படத்தை மறுபடி பார்த்தாள். போர்வையில்லாத மெத்தை. வெறும் ஆணி. மூலையில் கழுத்து இறுகக் கட்டிய கறுப்புப் பைகள். உடனே அழைத்தாள். சின்னவளின் போன் அணைக்கப்பட்டிருந்தது. மறுபடி அழைத்தாள். அதே பதில்தான்.

அறைக்குள் பேக்கரிக்காரர் வெள்ளை சாக்ஸை முழங்கால் வரை இழுத்து விட்டுக்கொண்டு நடந்துகொண்டிருந்தார். ஜன்னலுக்கும் கதவுக்கும் இடையில், மருத்துவர் சொன்னபடி காலை அழுத்தி வைத்து. கதவருகே வந்தபோது மருமகளைப் பார்த்து நின்றார். அவள் போனைப் பின்னால் மறைத்துக்கொண்டாள்.

"அவ கேட்டா ஒண்ணு எழுதும்மா. மேனேஜருக்கு மூச்சு இரைப்பு இப்பத் தேவலைன்னு."

மருமகள் தலையாட்டினாள்.

"இன்னைக்கே கேப்பா இல்ல?" என்று கேட்டுவிட்டு, அவர் திரும்பவும் ஜன்னலை நோக்கி நடந்தார்.